சிவிலைசேஷன் 6: கில்காமேஷ் கூட்டணியைப் புதுப்பிக்க மறுப்பது ஏன்?

சிவிலைசேஷன் 6 கணினி விளையாட்டில் நீங்கள் காங்கோவோடு போரிட்டு இரண்டு நகரங்களைப் பிடித்தீர்கள்; இப்போது உங்கள் கூட்டாளியான சுமேரியத் தலைவர் கில்காமேஷ் கூட்டணியைப் புதுப்பிக்க மறுக்கிறார். அந்த இரண்டு நகரங்கள் மட்டும் காரணமாக இருக்காது. காங்கோ கில்காமேஷுக்கும் நண்பராக இருந்திருக்க வேண்டும். தன் நண்பர்கள் மேல் கைவைத்தால் அவருக்கு ஆகவே ஆகாது. அவருடைய அஜெண்டாவே (ஆட்டம் அந்தத் தலைவருக்குக் கொடுத்திருக்கும் குணம்) அதுதான். கூட்டணி இருந்த 30 சுற்றும் அவரால் உங்கள் மேல் போர் தொடுக்க முடியாது. அது முடிந்ததும் மனத்தில் இருந்தது வெளியே வந்துவிட்டது.

அவருடைய உறவுப் பக்கத்தைத் திறந்து, சிவப்பில் இருக்கும் மைனஸ் எண்களைப் பாருங்கள்.

1. நண்பரைத் தாக்கியது என்று வந்தால், முதலில் காங்கோவோடு சமாதானம் செய்யுங்கள். பிறகு கில்காமேஷிடம் தூதரகம் வையுங்கள், அவருக்குச் சாதகமாக ஒரு வியாபாரம் பேசுங்கள்.

2. க்ரீவன்ஸ்தான் (போர் போன்ற செயல்களால் உங்கள் மேல் சேரும் மனக்குறைப் புள்ளிகள்) பெரிதாக இருந்தால், அப்போதும் சமாதானம்தான் வழி. போர் நடக்கும்வரை அது இறங்காது. ஆரம்ப யுகங்களில் சீக்கிரம் கரையும், பின்னால் போகப்போக மெதுவாகும்.

அடுத்த முறை முன்னறிவிப்பில்லாத திடீர்ப் போர் வேண்டவே வேண்டாம். அதற்கு 150 க்ரீவன்ஸ். எதிரியை டினௌன்ஸ் செய்து (வெளிப்படையாகக் கண்டித்து) 5 சுற்று பொறுத்து முறையான போர் அறிவித்தால் 100தான். அந்த 5 சுற்றில் படையை எல்லைக்கு நகர்த்திவிடலாம், வீணாகாது.

அப்புறம், பிடித்த நகரங்களில் ஒன்றிலாவது கவர்னரை உட்கார வையுங்கள். சுற்றுக்கு 8 லாயல்டி (நகரம் உங்களிடம் காட்டும் விசுவாசம்) கிடைக்கும். இல்லாவிட்டால் சுற்றியுள்ள காங்கோ நகரங்களின் அழுத்தத்திலேயே கலகம் வெடிக்கும்.

இந்த க்ரீவன்ஸ் கணக்கு கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்துக்கு மட்டும். அது இல்லாத ஆட்டத்தில் பழைய வார்மாங்கர் (போர்வெறியர்) தண்டனைதான் இருக்கும்.