கோத்தகிரி குளிர்ல ரெண்டு நாள் யோகா ரிட்ரீட்: போங்க, ஆனா இந்த டைம்டேபிளோட வேண்டாம்

திருப்பூர்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. ஜனவரில ஒரு வீக்கெண்ட், கோத்தகிரி பக்கம் பழைய எஸ்டேட் பங்களா ஒண்ணுல யோகா ரிட்ரீட், வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் ஞாயித்துக்கிழமை திரும்பணும், கூட அவங்க அக்காவும் வர்றாங்க. இவங்களுக்கு வயசு 44, முட்டி வலி இருக்கு. அக்காவுக்கு 51, பிபி மாத்திரை போடறாங்க, பனி நாள்ல வீசிங் வரும். "வருஷம் பூரா ஓட்டம்தாங்க, ரெண்டு நாள் நிம்மதியா இருந்தா போதும்னுதான் கேட்டோம், ஆனா அவங்க அனுப்புன டைம்டேபிளை பாத்தா பயமா இருக்கு, போலாமா, என்னென்ன எடுத்துட்டு போறது?" இதுதான் கேள்வி. டைம்டேபிளையும் அனுப்பியிருக்காங்க. காலைல 5 மணிக்கு குளிச்சிட்டு புல்வெளில சூரிய நமஸ்காரம், அதோட கபாலபாதி (வேகவேகமா மூச்சை வெளிய தள்ற பயிற்சி), 6 மணிக்கு தேயிலை தோட்டத்துல மௌன நடை, மதியம் ஒரு கிளாஸ், சாயங்காலம் ஒரு கிளாஸ், ராத்திரி 9க்கு சாப்பாடு, 10க்கு கேம்ப் ஃபயர் பக்கத்துல யோக நித்ரா, அதாவது படுத்துட்டே டீச்சர் பேசறதை கேட்டு உடம்பை தளர விடறது.

தாராளமா போங்க. ஆனா இதுக்கு பேரு ஓய்வு இல்லைங்க, ட்ரெயினிங் கேம்ப். பணம் கட்டறதுக்கு முன்னாடியே போன் பண்ணி இதுல பாதியை வெட்ட சொல்லுங்க, நல்ல டீச்சரா இருந்தா வெட்டுவாங்க, "எல்லாரும் பண்றாங்க மேடம்"னு சொன்னா வேற இடம் பாருங்க.

முதல்ல காலை கிளாஸ். ஜனவரில கோத்தகிரில சூரியன் உதிக்கறதே 6:40 பக்கம், மலைச்சரிவு மேற்கு பாத்து இருந்துச்சுன்னா வீட்டு மேல வெயில் விழ இன்னும் நேரமாகும், அதுவரைக்கும் புல்லு பூரா பனித்தண்ணி. அந்த ஈரத்துல மேட் விரிச்சு குனிஞ்சா முட்டி என்ன பாடுபடும்னு யோசிச்சு பாருங்க, குளிர்ல தசையும் மூட்டும் இறுகித்தான் இருக்கும், சூடு ஏத்தாம மடக்கினா வலி கூடத்தான் செய்யும். 7:30, 8 மணி வாக்குல, ரூமுக்குள்ள இல்ல வெயில் விழற வராண்டால வெச்சுக்குங்க. எந்திரிச்சதும் சுடுதண்ணி, அப்புறம் ஒரு கால் மணி நேரம் கணுக்கால், முட்டி, இடுப்பு, தோள்னு மெதுவா சுத்தி அசைச்சுட்டுதான் ஆசனம். காலங்காத்தால குளிச்சே ஆகணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல, முகம் கைகால் கழுவினா போதும், வெயில் வந்தப்புறம் வெந்நீர்ல குளிச்சுக்கலாம்.

மௌன நடையை வெயில் வந்தப்புறம் வெச்சுக்குங்கன்னு கண்டிப்பா சொல்லுவேன். கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலை தோட்டத்துக்குள்ள காட்டுமாடும் கரடியும் சர்வ சாதாரணம், விளக்குல ஊத்தற எண்ணெயை தேடி கோயிலுக்குள்ளயே கரடி பூந்துடற ஊரு அது. விடியற இருட்டுல சத்தமே போடாம பத்து பேர் வரிசையா நடந்தா எதிர்ல நிக்கறது தெரியாது, அதுக்கும் நீங்க வர்றது தெரியாது. சாயங்காலம் 6க்கு மேலயும் அப்படித்தான்.

இப்ப அக்கா விஷயம், இதுதான் முக்கியம். குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், பிபி தானாவே கொஞ்சம் ஏறும். அதனால கபாலபாதி, அதே மாதிரி வேகமா மூச்சு இழுத்து விடற பஸ்திரிகா, மூச்சை அடக்கற கும்பகம், சிரசாசனம், சர்வாங்காசனம் எதுவும் அவங்களுக்கு வேண்டாம், டீச்சர் எவ்வளவு தைரியம் சொன்னாலும் வேண்டாம். வீசிங் வேற இருக்கு, குளிர்ந்த வறண்ட காத்தை வேகவேகமா இழுத்தா மூச்சுக்குழாய் இறுக அது ஒண்ணே போதும். கோத்தகிரி கிட்டத்தட்ட 6,000 அடி உயரம், காத்தழுத்தம் கடல் மட்டத்தை விட அஞ்சுல ஒரு பங்கு கம்மி, திருப்பூர்ல இருந்து நாலு மணி நேரத்துக்குள்ள மேல ஏறினவங்களுக்கு மாடிப்படி ஏறினாலே கொஞ்சம் மூச்சு வாங்கும், பயப்பட வேண்டாம், ஆனா அன்னிக்கே மூச்சுப்பயிற்சில வீரம் காட்ட வேண்டாம். கதவு சாத்தின ரூம்ல மூக்கு மாத்தி மாத்தி மூச்சு விடற நாடி சுத்தி, வண்டு மாதிரி ரீங்காரம் போடற பிரமரி, ரெண்டும் வாயை மூடி மூக்கு வழியா, அது போதும். நாக்கை சுருட்டி காத்தை இழுக்கற சீதளி உடம்பை குளிர வைக்கறது, இந்த சீசனுக்கு எதுக்கு? வீசிங் பம்ப்பை (இன்ஹேலர்) பெட்டில வெக்காம ஸ்வெட்டர் பாக்கெட்லயே வெச்சுக்க சொல்லுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி அவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க, மாத்திரையை ஒரு நேரம் கூட விட வேண்டாம்.

உங்க முட்டிக்கு வர்றேன். முட்டியை மடிச்சு குதிகால் மேல உக்கார்ற வஜ்ராசனத்துல உக்காந்தே ஆகணும்னு இல்ல, உக்காந்தா தொடைக்கும் ஆடுதசைக்கும் நடுவுல மடிச்ச கம்பளி வைங்க, அதுவும் வலிச்சா சேர். தலையணை, பெல்ட், நாற்காலின்னு எல்லாம் வெச்சு ஆசனம் பண்றதை புனேல யோகா குரு பி.கே.எஸ். ஐயங்காரே பெரிசா வளர்த்து வெச்சிருக்காரு, அதனால சேர்ல உக்காந்தா கௌரவ குறைச்சல்னு நினைக்காதீங்க.

ஓய்வுன்னு நீங்க தேடறது நிஜமா கிடைக்கறது சாயங்கால கிளாஸ்லதான். சுவத்துல காலை தூக்கி வெச்சு படுக்கறது, குண்டு தலையணை மேல சாஞ்சு பாதம் ரெண்டையும் சேர்த்து சுப்த பத்த கோணாசனம், அப்புறம் குப்புற படுத்து ஓய்வெடுக்கற மகராசனம், ஒவ்வொண்ணும் அஞ்சு பத்து நிமிஷம், மொத்தம் மூணு நாலு ஆசனம் பண்ணினா தாராளம். சுப்தலயும் முட்டி அந்தரத்துல தொங்கக்கூடாது, ரெண்டு பக்கமும் தலையணை முட்டு குடுங்க. ஆனா ஒண்ணு, இந்த பழைய பங்களால பெரும்பாலும் சிவப்பு சிமெண்ட் தரை, உயரமான கூரை, மேட் மட்டும் விரிச்சு சவாசனத்துல படுத்தா அஞ்சே நிமிஷத்துல முதல்ல வால் எலும்பு கிட்ட ஜில்லுன்னு ஏறும், அப்புறம் தோள்பட்டை, அதுக்கப்புறம் டீச்சர் எவ்வளவு இனிமையா பேசினாலும் உடம்பு தளராது, நடுங்காம இருக்கத்தான் பாக்கும். அசையாம படுத்தா உடம்பு சூடு குறையறது இயல்பு. அதனால மேட்டுக்கு கீழ ஜமக்காளம் ரெண்டா மடிச்சு, மேல ஒரு கம்பளி, கால்ல சாக்ஸ், தலைக்கு மங்கி கேப் போட்டா கூட தப்பில்ல, யாரு பாக்கறாங்க. யோக நித்ரா 20, 30 நிமிஷம் போதும், ரூமுக்குள்ள. முடிச்சதும் வலது பக்கம் திரும்பி கொஞ்ச நேரம் படுத்துட்டு மெதுவா எந்திரிங்க, பிபி மாத்திரை போடறவங்க சடார்னு எந்திரிச்சா தலை சுத்தும்.

ராத்திரி சாப்பாட்டை 7, 7:30க்கு மாத்த சொல்லுங்க. கஞ்சி, ரசம் சாதம், இட்லி மாதிரி போதும். குளிர்ல தாகமே தெரியாது, பிளாஸ்க்ல வெந்நீர் வெச்சு அப்பப்ப குடிங்க. நீலகிரில பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் தடை, வீட்டுல இருந்தே ஸ்டீல் பாட்டில் கொண்டு போயிடுங்க.

பயர்பிளேஸ் பத்தி. பாக்க அழகுதான், ஆனா பல பங்களால சிம்னி வருஷக்கணக்கா சுத்தம் பண்ணாம கிடக்கும். போனதும் ஒரு பேப்பரை கொளுத்தி காட்ட சொல்லுங்க, புகை நேரா மேல போகணும், ரூமுக்குள்ளயே சுத்துச்சுன்னா அதை மூட சொல்லிடுங்க, அக்காவுக்கு அந்த புகையே வீசிங்கை கிளப்பி விட்டுடும். எந்த காரணம் கொண்டும் கரி சட்டியை ரூமுக்குள்ள வெச்சுட்டு தூங்கவே தூங்காதீங்க. அதுல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஜன்னலை சாத்திட்டு தூங்கி அப்படியே இறந்து போனவங்க செய்தி மலை ஊர்கள்ல இருந்து வந்துட்டேதான் இருக்கு. கூட ஒரு ரஜாய் கேளுங்க, வெந்நீர் பை எடுத்துட்டு போங்க.

டீச்சர்கிட்ட என்ன கேக்கறதுன்னா, ஆயுஷ் அமைச்சகத்தோட யோகா சர்ட்டிபிகேஷன் போர்டு சான்றிதழ் இருக்கா, இல்ல பிஎன்ஒய்எஸ் (இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த டிகிரி) படிச்ச டாக்டரான்னு கேளுங்க. அதை விட, பிபியும் வீசிங்கும் இருக்குன்னு சொன்னதும் அவங்க திருப்பி ஏதாவது கேள்வி கேக்கறாங்களான்னு கவனிங்க.

வெள்ளிக்கிழமை போய் சேர்ந்ததும் கிளாஸ் எதுவும் வேண்டாம், வளைவு ரோட்டுல வந்த வயித்துக்கு சுக்கு காப்பி குடிச்சு சீக்கிரம் படுங்க. ஞாயிறு மதியம் சாப்பிட்டு 2 மணிக்கெல்லாம் கிளம்பிடுங்க, சாயங்காலம் ஆனா மஞ்சு இறங்கிடும், மேட்டுப்பாளையத்துக்கு இறங்கற குஞ்சப்பனை ரோடு யானை நடமாடற ரோடு வேற. சொந்த கார்னா நீலகிரிக்குள்ள போக இ-பாஸ் (ஆன்லைன் அனுமதி) எடுக்கணும், 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் வண்டிக்கு அது கட்டாயம். மேட்டுப்பாளையத்துல இருந்து கவர்மெண்ட் பஸ்ல போறதா இருந்தா அந்த வேலையும் இல்ல, குளிர் காத்து அடிக்கற ஜன்னல் சீட்டுல அக்காவை உக்கார வெக்காதீங்க, அவ்வளவுதான்.