குழந்தை பெறும் திட்டம் உண்டா என்று இன்டர்வியூவில் கேட்டார்கள்

கேள்வி: மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்தேன். அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவமனையில் பெறும் மேற்பயிற்சிக்கு, நான்கு இன்டர்வியூ ஆகியிருக்கிறது, எல்லாமே வீடியோவில். ஓரிடத்தில், "வேறு எங்கெல்லாம் கூப்பிட்டிருக்கிறார்கள்? குழந்தை பெற்றுக்கொள்ளும் திட்டம் உண்டா?" என்று கேட்டார்கள். சிரித்து மழுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்து அவர்களிடமிருந்தே, "எங்கள் பட்டியலில் உங்களுக்கு உயர்ந்த இடம்" என்று மெயில் வந்தது. நம்பி என் விருப்பப் பட்டியலில் அவர்களை முதலிடத்தில் போடலாமா?

பதில்: அந்த இடம் பிடித்திருந்தால் போடுங்கள். மெயிலுக்காகப் போடாதீர்கள்.

முதலில் கேள்விகளைப் பார்ப்போம். இரண்டுமே கேட்டிருக்கக் கூடாதவை. உங்கள் விருப்பப் பட்டியலையும் பயிற்சி தரும் இடங்களின் (புரோகிராம்களின்) பட்டியலையும் கணினியில் பொருத்தி இடம் ஒதுக்கும் முறைக்குப் பெயர் மேட்ச். அதை நடத்தும் என்.ஆர்.எம்.பி. என்ற அமைப்பின் விதிப்படி, நீங்கள் வேறு எந்தப் புரோகிராமுக்கு விண்ணப்பித்தீர்கள், அது எந்த ஊர், எங்களை எத்தனாவதாகப் போடுவீர்கள் என்றெல்லாம் விசாரிக்க முடியாது. வயது, மதம், குடும்ப நிலை ஆகியவையும் அப்படித்தான். ஆனாலும் கேட்கிறார்கள். பல சமயம் வஞ்சகம் ஒன்றும் இருக்காது. ரயிலில் எதிர் சீட்டுக்காரர் சம்பளம் கேட்பாரே, அந்த மாதிரி பழக்கதோஷம். விதியைப் புரட்டிக்கூடப் பார்க்காத பேராசிரியர்கள் உண்டு.

மழுப்பியதில் தப்பில்லை. அடுத்த முறை, கேள்விக்குள் இருக்கும் கவலைக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: "மூன்று வருடமும் முழுதாக முடிக்கத்தான் வருகிறேன்." மற்ற ஊர்களைப் பற்றிக் கேட்டால், "பல இடம் பார்க்கிறேன். உங்கள் ஐ.சி.யூ. பயிற்சி பற்றிக் கேட்க வேண்டும்" என்று பேச்சைத் திருப்புங்கள். வீடியோவை மூடியதும் தேதி, கேட்டவர் பெயர், கேட்ட வார்த்தை மூன்றையும் எழுதி வையுங்கள். என்.ஆர்.எம்.பி.க்குப் புகார் அனுப்ப வழி உண்டு, மேட்ச் முடிந்த பிறகும் அனுப்பலாம்.

அந்த மெயில் விதிமீறல் அல்ல. உங்களைப் பிடித்திருக்கிறது என்று அவர்கள் சொல்லலாம், நீங்களும் சொல்லலாம். பதிலுக்கு வாக்குறுதி கேட்பதுதான் குற்றம். ஆனால் பத்து இடத்துக்கு நூறு பேரைப் பார்த்த புரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 'உயர்ந்த இடம்' எட்டாகவும் இருக்கலாம், நாற்பதாகவும் இருக்கலாம். இதே மெயில் எத்தனை பேருக்குப் போனதோ!

சீனியர்கள் சொல்லும் 'ப்ரீ-மேட்ச்' கதைகளையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு மேட்சுக்கு வெளியே சீட் கொடுக்கும் வழக்கம் முன்பு இருந்தது. 2013 மேட்சிலிருந்து, சில விலக்குகள் தவிர, மேட்சில் சேரும் புரோகிராம் எல்லா இடங்களையும் அதற்குள்தான் வைக்க வேண்டும்.

1998 முதல் மேட்ச் கணினி உங்கள் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறது. ஆல்வின் ராத் என்ற பொருளாதார அறிஞர் இதை வடிவமைத்தவர்களில் ஒருவர், 2012இல் நோபல் பரிசும் பெற்றார். உங்கள் முதல் விருப்பத்தில் இடம் கிடைக்காவிட்டால் இரண்டாவதுக்குப் போகும். முதலில் பெரிய இடத்தைப் போட்டதற்காக இரண்டாவது இடத்தில் உங்கள் வாய்ப்பு துளியும் குறையாது. ஆகவே கணக்குப் போட்டு வரிசையை மாற்றுவது வீண்.

அப்படியானால் எதை வைத்து வரிசைப்படுத்துவது? அங்கே இப்போது பயிற்சியில் இருக்கும் ரெசிடென்ட்களை வைத்து. 2020 கோவிட்டுக்குப் பிறகு பெரும்பாலும் வீடியோதான், வார்டில் நடந்து பார்க்க வழியில்லை. அதனால் ரெசிடென்ட்கள் மட்டும் இருக்கும் அந்த அரை மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். "வேலை அதிகமா?" என்று கேட்டால் எல்லோரும் புன்னகைப்பார்கள். "போன வாரம் எந்த நாள் லீவு? அன்று என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரம், ஏழு நாளில் ஒரு நாள் விடுப்பு என்பது அங்கே விதி. ஒருவர் மீன் பிடிக்கப் போன கதையைச் சொல்வார். இன்னோரிடத்தில் நான்கு பேரும் மைக்கை மியூட்டிலேயே வைத்துக்கொண்டு, சீஃப் ரெசிடென்ட் பேசட்டும் என்று காத்திருப்பார்கள்.

விசாவை வாய்வார்த்தையில் விடாதீர்கள். ஜே-1 (பரிமாற்றப் பயிற்சி விசா) மட்டுமா, எச்-1பியும் (வேலை விசா) உண்டா என்று கேளுங்கள். எச்-1பிக்கு அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் ஸ்டெப் 3 பாஸாகியிருக்க வேண்டும். ஜே-1 என்றால் பயிற்சிக்குப் பின் இரண்டு வருடம் ஊர் திரும்ப வேண்டும், அல்லது விலக்கு வாங்க வேண்டும். ஒப்பந்த நகலையும் தகுதி விதிகளையும் பட்டியல் கெடுவுக்கு முன் எழுத்தில் தருவது புரோகிராமின் கடமை. கோஆர்டினேட்டருக்கு இன்றே இரண்டு வரி எழுதிக் கேளுங்கள்.

குழந்தை பற்றிக் கேட்ட இடத்தில் மூன்று வருடம் இருக்கவே முடியாது என்று தோன்றினால், கடைசி இடத்தில்கூடப் போடாதீர்கள். மேட்ச் ஆகிவிட்டால் அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். மார்ச் மாத மூன்றாம் வெள்ளியன்று முடிவு உறை திறந்த பிறகு மனம் மாற இடமில்லை.