மத்தியாஸ் சாமர்: ஜெர்மன் கால்பந்தில் வீரர், பயிற்சியாளர், விளையாட்டு இயக்குநர் என மூன்றாகவும் இருந்தவர். இதில் எதில் அவர் பெரியவர்?

நிறையப் பேர் ஜெர்மனி வென்ற 1996 யூரோ கோப்பையை, அதாவது ஐரோப்பிய நாடுகளுக்கான போட்டியை, சொல்வார்கள். நான் 2006 முதல் 2012 வரை ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தில் அவர் விளையாட்டு இயக்குநராக இருந்த காலத்தைத்தான் சொல்வேன். அதற்கு முன் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுகிறேன்.

1990 செப்டம்பர் 12, பிரஸ்ஸல்ஸ். கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இன்னும் மூன்று வாரம்தான் இருக்கும். பெல்ஜியத்துடன் ஆடும் அந்தக் கடைசி ஆட்டத்துக்கு அழைக்கப்பட்டவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஏதேதோ காரணம் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். வந்து சேர்ந்தது பதினான்கு பேர். டிரெஸ்டனில் பிறந்த சாமருக்கு அப்போது 23 வயது. மற்றவர்கள் வரவில்லை என்று தெரிந்ததும் அவரும் ஊர் திரும்பத்தான் நினைத்தார், விமானம் கிடைக்கவில்லை. சரி, வந்தது வந்தாயிற்று என்று கேப்டனாக இறங்கினார். 2-0 வெற்றி. இரண்டு கோலும் அவர் அடித்ததுதான். அந்த டிசம்பரிலேயே ஒன்றுபட்ட ஜெர்மனிக்காக ஆடிய முதல் கிழக்கு ஜெர்மானியரும் ஆனார். அரைமனதோடு நின்றவர் அப்படி ஆடினார் என்பதுதான் எனக்கு அவர்மேல் மரியாதை வரக் காரணம்.

அப்புறம் கிளப் ஆட்டம்: ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட், கொஞ்ச காலம் இத்தாலியின் இன்டர் மிலான், 1993-இல் மறுபடி ஜெர்மனியில் டார்ட்மண்ட். அங்கே பயிற்சியாளர் ஹிட்ஸ்ஃபெல்ட் அவரை நடுக்களத்திலிருந்து பின்னுக்குக் கொண்டுபோய் லிபரோ ஆக்கினார். எதிரணியில் யாரையும் ஒட்டிக்கொண்டு திரியாமல், தற்காப்பு வரிசைக்குப் பின்னால் நின்று மொத்த மைதானத்தையும் பார்க்கிற இடம் அது. சாமர் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்க மாட்டார், பந்து கிடைத்தால் எதிரணியின் கோல் வரைக்கும் போவார். 1996 யூரோ காலிறுதியில் குரோஷியாவை வீழ்த்திய கோலும் அவருடையதுதான். அந்த ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருதை பிரேசிலின் ரொனால்டோவைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம் பெற்று வென்றார். 1997-இல் டார்ட்மண்டுடன் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் பட்டமும் வந்தது. சில மாதத்திலேயே முழங்கால் காயம், அதில் கிருமித் தொற்று. முப்பது வயதில் ஆட்டம் முடிந்துபோனது.

2002-இல் டார்ட்மண்டைப் பயிற்சியாளராக ஜெர்மன் லீக் சாம்பியன் ஆக்கியபோது வயது 34. அந்தப் பட்டத்தை அவ்வளவு இளம் வயதில் அதுவரை எந்தப் பயிற்சியாளரும் வென்றதில்லை. பிறகு பயிற்சியாளராகப் போன ஸ்டுட்கார்ட்டில் ஒரே சீசனில் வெளியேற நேர்ந்தது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். இளையோர் அகாடமிகளை நாடு முழுக்கக் கொண்டுவரும் சீர்திருத்தம் சாமர் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது, அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்கக் கூடாது. இளையோர் அணிகளும் கோப்பை ஜெயிக்கத்தான் போக வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றது அவர். 2008-இல் 19 வயதுக்குட்பட்டோர், 2009-இல் 17 மற்றும் 21 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று ஐரோப்பியப் பட்டங்களும் ஜெர்மனிக்கே வந்தன. 2009-இல் மால்மோவில் 21 வயதுக்குட்பட்டோர் இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தை 4-0 என்று புரட்டிய அணியில் நோயர், ஹம்மல்ஸ், போவாடெங், ஹோவெடஸ், கெடிரா, ஓஸில் இருந்தார்கள்.

ஆறு பேரும் 2014 உலகக் கோப்பையை வென்ற ஜெர்மன் அணியில் இருந்தார்கள். அதற்குள் சாமர் பயர்ன் மியூனிக் கிளப்பின் இயக்குநராகப் போயிருந்தார். ரியோவில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தின் 113-வது நிமிடத்தில் பந்தை மார்பில் வாங்கி, தரையில் விழுமுன் இடது காலால் வலைக்குள் தள்ளிய மரியோ கோட்ஸே, 2009-இல் அந்த 17 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடிய பையன்.