வாசகர் கேள்வி பதில்: வெள்ளம் வடிந்த ஆலயம்

கேள்வி: எங்கள் ஆலயத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்துவிட்டது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாப் பதிவேடுகளும் நனைந்து ஒட்டிக்கிடக்கின்றன. வெயிலில் பிரித்துக் காயவைக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். வெயில் பட்டால் தாள் முறுகி வளைந்துவிடும், மையும் வெளுக்கும். ஒட்டிய பக்கங்களை இப்போது பிரிக்காதீர்கள், சேற்றைத் துணியால் தேய்க்கவும் வேண்டாம், தேய்த்தால் சேறு இழைக்குள் இறங்கும். ஈரத் தாளில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும் என்பதால் நேரம் மிகக் குறைவு. கொஞ்சம்தான் நனைந்திருந்தால், நிழலில் மின்விசிறி ஓடவிட்டு, பக்கங்களுக்கு நடுவே மை ஒட்டாத வெற்றுத்தாளை வைத்து, அது ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருங்கள். முழுக்க ஊறிப்போனவற்றைப் பாலித்தீனில் சுற்றி, தைத்த முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வைத்துவிடலாம். உறைந்த நிலையில் பூஞ்சை வளராது, ஆவணக் காப்பகத்தில் விவரம் தெரிந்தவரைத் தேடிப்பிடிக்க உங்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

1966 நவம்பர் 4 அன்று இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் ஆர்னோ நதி பெருக்கெடுத்து சாந்தா குரோச்சே ஆலயத்தை மூழ்கடித்தது. அங்கிருந்த, பழைய இத்தாலிய ஓவியர் சிமாபுவேயின் சிலுவை ஓவியம் வண்ணத்தில் பாதிக்கு மேல் இழந்தது. வசாரி மரப்பலகைகளில் தீட்டிய கடைசி இராப்போஜன ஓவியம் சரிசெய்யப்பட்டு ஆலயத்துக்குத் திரும்ப ஐம்பது வருடம் ஆனது, 2016-இல்தான் வந்தது. அன்று பல நாடுகளிலிருந்து போய்ச் சேற்றுக்குள் இறங்கிப் புத்தகங்களைத் தூக்கிய இளைஞர்களை 'சேற்றுத் தேவதூதர்கள்' என்றே அழைத்தார்கள். உங்கள் வாலிபர் ஐக்கியத்திடம் இந்த வேலையை நம்பிக் கொடுங்கள், ஆனால் பூட்ஸும் கையுறையும் இல்லாமல் ஒருவரையும் இறக்காதீர்கள். வெள்ளநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், காலில் ஒரு சின்னக் கீறல் போதும் அது உள்ளே நுழைய. மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் யாரும் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும்.

கேள்வி: இது நம் பாவத்துக்கு வந்த தண்டனை என்று சபையில் சிலர் பேசுகிறார்கள். வீட்டை இழந்தவர்கள் அதைக் கேட்டு உடைந்துபோகிறார்கள். ஆயர் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: அந்தப் பேச்சை ஆயர் நேராகவே நிறுத்தலாம், அதில் தயக்கமே வேண்டாம். லூக்கா 13-ஐத் திறந்து வாசிக்கட்டும். சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றிப் பேசும்போது, எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதில் சொல்கிறார். மனந்திரும்புங்கள் என்ற அழைப்பும் அதே இடத்தில் வருகிறது, ஆனால் அது உயிரோடு நின்று கேட்டவர்களுக்கு, அதை எடுத்துப் பாதிக்கப்பட்டவர் மேல் எறிய நமக்கு உரிமை இல்லை. பாயும் படுக்கையும் போன ஒரு தாயிடம் போய்ப் பாவக்கணக்கு கேட்பதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

கேள்வி: ஆலயத்தைச் சுத்தம்செய்து முடித்த பிறகுதான் ஆராதனை என்று கமிட்டியில் ஒரு பக்கம், உடனே வேண்டும் என்று இன்னொரு பக்கம். எது சரி?

பதில்: உடனே கூடுங்கள். மொட்டைமாடி, மரத்தடி, முகாம் எதுவானாலும் சரி. கட்டடம் காத்திருக்கும், முதலில் முதியவர்கள் இருக்கும் வீடுகளிலும் கைக்குழந்தை இருக்கும் வீடுகளிலும் சேற்றை அள்ளுங்கள். அப்புறம் முதல் ஆராதனையிலேயே நன்றிப் பாட்டாகப் பாடித் துக்கத்தை மூடிவிடாதீர்கள். சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்கள்தான். 69-ஆம் சங்கீதத்தில் தண்ணீர் கழுத்துவரை ஏறி, நிற்க நிலையில்லாமல் ஒருவர் கதறுகிறார். அதை மெதுவாக வாசித்து முடித்து, கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் இருங்கள். யாராவது எழுந்து தான் இழந்ததைச் சொல்லி அழுதால் ஆறுதல் வசனம் சொல்லி இடைமறிக்க வேண்டாம், முழுக்கச் சொல்லட்டும்.

கேள்வி: நிவாரணப் பொருட்கள் சபையாருக்கு மட்டும்தானா?

பதில்: இல்லை. தண்ணீர் வீடு பார்த்து வரவில்லையே. தெருவாரியாகப் பட்டியல் எடுங்கள், வாங்க வருகிறவரிடம் எந்தச் சபை என்று கேட்கவே வேண்டாம், கொடுக்கும்போது படம் எடுக்கவும் வேண்டாம்.