இன்ஜின் தட்டினால் ஈசியூ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) என்ன செய்யும்? நாக்கிங் பற்றிய கேள்வி பதில்

அண்ணா, நாக்கிங் என்றால் சிலிண்டருக்குள் என்னதான் நடக்கிறது?

பிளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து சீராகப் பரவ வேண்டும். அது வந்து சேருமுன், ஓரத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானே பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங். அழுத்த அலைகள் சிலிண்டர் சுவரில் மாறி மாறி மோதும். மேடேறும்போது கேட்கும் 'கிண் கிண்' அந்தச் சத்தம்தான். தொடர்ந்து நடந்தால் பிஸ்டன் ஓரம் அரித்துப்போகும்.

இன்ஜினில் ஆயிரம் சத்தம் இருக்கிறது. அதில் இதை மட்டும் கம்ப்யூட்டர் எப்படிப் பிரிக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய நாக் சென்சாருக்குள் ஒரு பீசோ வில்லை இருக்கும். அதிர்வு அதை நசுக்கும்போது சிறு மின்னழுத்தம் வரும். வால்வு மூடுவது, இன்ஜெக்டர் தட்டுவது எல்லாமே அதில் பதிவாகும். அதனால் ஈசியூ முதலில் சுருதி பார்க்கிறது. 86 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் நாக்கிங்கின் அதிர்வு சுமார் 6,500 ஹெர்ட்ஸ். விட்டம் குறைந்தால் சுருதி ஏறும். அடுத்து நேரம். பிஸ்டன் உச்சியைத் தாண்டி கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) ஏறக்குறைய 10 முதல் 70 டிகிரி வரை திரும்பும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் நாக்கிங் வரும். அப்போது மட்டும் காது கொடுக்கிறது. அந்த நேரத்தில் எந்த சிலிண்டர் எரிகிறது என்பது கிராங்க், கேம் சென்சார்களால் தெரியும். அதனால் நான்கு சிலிண்டருக்கு ஒரே சென்சார்கூடப் போதும். கடைசியாக, அந்த வேகத்தில் வழக்கமாக இருக்கும் சத்தத்தோடு ஒப்பிட்டு, பல மடங்கு எகிறினால்தான் நாக்கிங் என்று முடிவு செய்கிறது.

கண்டுபிடித்த பிறகு?

அந்த சிலிண்டருக்குப் பொறியைச் சட்டென்று இரண்டு மூன்று டிகிரி தாமதப்படுத்தும். 3000 ஆர்பிஎம்மில் ஒரு டிகிரி என்பது வெறும் 56 மைக்ரோ வினாடி! பொறி தாமதமானால் பிஸ்டன் இன்னும் கீழே இறங்கிய பிறகே அழுத்தம் உச்சத்தைத் தொடும். கலவை அவ்வளவு நசுங்காது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய டைமிங்குக்கு, அதாவது பொறி விடும் பழைய நேரத்துக்குத் திரும்பும். மறுபடி தட்டினால் மறுபடி பின்வாங்கும். இதில் இழுவை குறையும், புகைபோக்கிச் சூடு ஏறும். சத்தம் கேட்காததால் எல்லாம் நன்றாக இருப்பதாக நினைக்காதீர்கள். மைலேஜ் குறைந்த பல கார்களில் கார்பன் படிந்து, ஈசியூ ஓயாமல் டைமிங்கைப் பின்தள்ளிக்கொண்டிருந்ததை ஸ்கேனரில் பார்த்திருக்கிறேன்.

சார், புது நாக் சென்சார் போட்டும் ஸ்கேனரில் பி0325 என்ற பிழைக் குறியீடு வருகிறது. வண்டி இழுக்கவில்லை.

அந்தக் குறியீடு சென்சாரின் மின்சுற்றைச் சொல்கிறது. முதலில் ஒயரையும் கனெக்டரையும் பாருங்கள். அது சரியாகும்வரை ஈசியூ பாதுகாப்புக்காக டைமிங்கைத் தாமதமாகவே வைத்திருக்கும். இழுவை இல்லாததற்குக் காரணம் அதுதான். அப்படியே இறுக்கத்தையும் சரிபாருங்கள். பல கார்களில் 20 நியூட்டன் மீட்டர் அளவு. உங்கள் மேனுவலில் உள்ளதை வைத்து டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். அடியில் வாஷர் வேண்டாம், துரு வேண்டாம். தளர்ந்தாலும் அதிகம் இறுகினாலும் அதிர்வு சரியாகப் போய்ச் சேராது.

ஆக்டேன் (தானே பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறன்) அதிகமான பெட்ரோல் போட்டால் பவர் கூடுமா?

வழக்கமான பெட்ரோலில் டைமிங் பின்வாங்கிக்கொண்டிருந்தால் கூடும். இல்லையென்றால் காசுதான் செலவு.

என் பழைய கார்புரேட்டர் பைக்கில்?

அதில் கேட்கும் காது உங்களுடையதுதான், தம்பி. மேட்டில் தட்டினால் உடனே ஒரு கியர் குறையுங்கள்.

டர்போ காரில் குறைந்த வேகத்தில் ஒரே ஒரு பெரிய 'டங்' கேட்டது. இதுவும் நாக்கிங்கா?

இது வேறு ஆபத்து. பெட்ரோலை சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் நேரடி இன்ஜெக்ஷன் டர்போக்களில் பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்வதுண்டு. பொறியே வராதபோது அதைத் தாமதப்படுத்தி என்ன பயன்? சென்சாருக்குச் சத்தம் கேட்கும், ஆனால் டைமிங்கால் தடுக்க முடியாது. ஆயில் துளிகள் இதற்கு ஒரு காரணம். அதனால்தான் 2020இல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்பி தர ஆயிலுக்கு இதற்கென்றே தனிச் சோதனை வைத்தார்கள். கார் மேனுவல் அந்தத் தரத்தைக் கேட்டால் அதையே ஊற்றுங்கள். டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாக அழுத்தாதீர்கள்.