ஃபிளாஷா, ரா மென்பொருளா: எதற்கு முதலில் செலவு செய்வது?

கேள்வி: ஆரம்பநிலை கேமரா ஒன்றும் அதனுடன் வந்த 18-55 லென்ஸும் வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் குடும்ப நிகழ்ச்சிகளை எடுக்கும்போது, கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷைப் போட்டால் முகம் வெளிறிப்போகிறது, பின்சுவரில் கறுப்பாக நிழல் விழுகிறது. ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குறுணை. வெளி ஃபிளாஷ் வாங்கலாம் என்றிருக்கிறேன். "ராவில் எடுத்து மென்பொருளில் சரிசெய்தால் போதும்" என்கிறார் நண்பர். எந்த மாதிரி ஃபிளாஷ், எந்த மென்பொருள்? மாதச் சந்தா கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. ராவில், அதாவது சென்சார் பதிந்ததைக் கேமரா மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் கோப்பாக, எடுத்தால் இருண்ட படத்தைத் தூக்கலாம், நிறத்தைத் திருத்தலாம், குறுணையைக் குறைக்கலாம். ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்பதைப் பிறகு உட்கார்ந்து மாற்றுவது பெரும்பாடு, செய்தாலும் இயல்பாக இருக்காது. உங்கள் படங்களில் இருக்கும் கோளாறு அதுதான். லென்ஸுக்கு நேர் மேலே இருக்கும் சின்னஞ்சிறு விளக்கு நேராக முகத்தில் அடிக்கிறது. ஆகவே கையிலிருக்கும் பணம் ஃபிளாஷுக்குப் போகட்டும். மென்பொருளை இலவசமாகவே தொடங்கலாம்.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள ஃபிளாஷ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரவில் அறை விளக்குகளை அணைத்துவிட்டு ஒருவரை எதிரில் உட்கார வையுங்கள். கைபேசி டார்ச்சை உங்கள் நெற்றிக்கு அருகில் பிடித்து அவர் முகத்தில் அடியுங்கள். நெற்றியும் மூக்கு நுனியும் பளபளக்கும், கன்னங்கள் தட்டையாகிவிடும், பின்சுவரில் கத்தியால் வெட்டியதுபோல நிழல் நிற்கும். இப்போது அதே டார்ச்சை உங்கள் தோளுக்குப் பின்னால், ஒரு பக்கமாக இருக்கும் வெள்ளைச் சுவரில் அடியுங்கள். வெளிச்சம் குறையும். ஆனால் சுவரே பெரிய விளக்காகிவிடும். ஒரு கன்னம் வெளிச்சத்தில் இருக்க, மறு கன்னம் மெல்ல மெல்ல நிழலுக்குள் இறங்கும். மூக்குக்கு மூக்கின் வடிவம் வரும். அடுத்து அவர் தலைக்கு நேர் மேலே சீலிங்கில் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் மென்மைதான், ஆனால் கண்குழிகள் இருண்டுபோகும். வெளி ஃபிளாஷில் கற்க வேண்டியதில் பெரும்பகுதி இந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது.

அதனால்தான் ஃபிளாஷ் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அதன் கழுத்தை. தலை மேலே நிமிர வேண்டும், இடமும் வலமும் திரும்ப வேண்டும், பின்பக்கச் சுவரைப் பார்க்கும் அளவுக்கும் வர வேண்டும். நிமிர மட்டும் செய்யும் ஃபிளாஷ்கள் விலை குறைவு என்று பலரையும் இழுக்கும். நானும் முதலில் அப்படி ஒன்றைத்தான் வாங்கினேன். கேமராவைக் கிடையாகப் பிடிக்கும்வரை எல்லாம் நன்றாக இருந்தது. ஆளைத் தனியாக எடுக்கக் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பியதும், சீலிங்கைப் பார்க்க வேண்டிய தலை பக்கத்துச் சுவரைப் பார்த்தது. அது பச்சைச் சுவர். அன்று எடுத்த முகங்கள் எல்லாவற்றிலும் ஒரு பக்கம் பச்சை படிந்திருந்தது. சுவரின் நிறம் வெளிச்சத்தோடு சேர்ந்தே வரும் என்பதை அன்றைக்குத்தான் கற்றேன். பாதி முகம் பச்சை, பாதி சரி என்று இருக்கும் படத்தை ராவில் திருத்துவதும் லேசுப்பட்ட வேலை இல்லை.

அப்புறம் பவர். பெட்டியில் கைடு எண் என்று ஒன்று போட்டிருக்கும். ஃபிளாஷிலிருந்து ஆளுக்கு உள்ள தூரத்தை மீட்டரில் எடுத்து, அதை, சரியான வெளிச்சம் தரும் எஃப் எண்ணால் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்) பெருக்கினால் வருவது அது. ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 100-க்குச் சொல்லப்படும். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடும் எண் பெரும்பாலும் ஃபிளாஷ் தலையை 105 அல்லது 200 மில்லிமீட்டர் ஜூமுக்குக் குவித்து வைத்து அளந்தது. சுவரில் மோதவிட்டு எடுக்கும் நமக்கு அது உதவாது, 35 மில்லிமீட்டரில் என்ன என்று பாருங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 35 மில்லிமீட்டரில் கைடு எண் 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் சீலிங்குக்குப் போய் ஆளிடம் வந்து சேர 4 மீட்டர். 36-ஐ 4-ஆல் வகுத்தால் எஃப்/9. சீலிங்கில் மோதிச் சிதறுவதில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) போகும் என்று கொள்ளலாம், எஃப்/4.5 ஆகிறது. ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் அந்த இரண்டு ஸ்டாப்பும் திரும்ப வந்து மறுபடி எஃப்/9. உங்கள் லென்ஸை எஃப்/5.6-இல் வைத்து எடுத்தால் ஒரு ஸ்டாப்புக்கு மேலேயே கையிருப்பு இருக்கிறது. அதாவது ஃபிளாஷ் பாதிப் பவருக்கும் குறைவாக வேலை செய்யும், சட்டென்று மீண்டும் தயாராகும். இதே இடத்தில் கைடு எண் 20 உள்ள சின்ன ஃபிளாஷ் எஃப்/5-தான் தரும். முழுப் பவரும் போட்டும் பற்றாது, ஒவ்வொரு படத்துக்கும் காத்திருக்கவும் வேண்டும். கேக் வெட்டும் கை அதுவரை நிற்காது. இந்தக் காரணத்துக்காகவே மிகச் சிறிய ஃபிளாஷ்களை நான் பரிந்துரைப்பதில்லை.

டிடிஎல் வேண்டுமா என்றால், உங்களுக்கு வேண்டும். படம் எடுப்பதற்குச் சற்று முன் ஃபிளாஷ் மெல்லிய ஒரு மின்னல் விட்டு, திரும்பி வரும் வெளிச்சத்தைக் கேமரா அளந்து, பவரைத் தானே முடிவு செய்வதுதான் டிடிஎல். ஆட்கள் கிட்டே வந்தும் தள்ளிப்போயும் இருக்கும் நிகழ்ச்சிகளில் இது பெரிய உதவி. எல்லோரும் ஒரே இடத்தில் நின்று எடுத்துக்கொள்ளும் குழுப் படங்களுக்கு, பவரை நாமே வைக்கும் மேனுவலே நல்லது. வெள்ளை உடை, கறுப்பு உடை என்று மாறி மாறி வந்தாலும் வெளிச்சம் ஒரே அளவில் இருக்கும்.

டிடிஎல் வேலை செய்ய ஃபிளாஷ் உங்கள் கேமரா நிறுவனத்துக்கானதாக இருக்க வேண்டும். கேமராவின் மேலே ஹாட் ஷூவில் உள்ள தொடுமுனைகளின் அமைப்பு கேனனுக்கு ஒன்று, நிக்கானுக்கு ஒன்று, சோனிக்கு வேறு. கோடாக்ஸ் போன்ற பிற நிறுவனங்கள் ஒரே மாடலை ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியாக விற்கின்றன, மாடல் பெயரின் கடைசி எழுத்தில்தான் வித்தியாசம். ஆர்டர் போடும் முன் அந்த எழுத்தை இரண்டு முறை பாருங்கள். இன்னொன்று: கேனனின் 200டி மார்க் 2 போன்ற சில ஆரம்பநிலைக் கேமராக்களில் ஹாட் ஷூவின் நடுத் தொடுமுனையே கிடையாது. அந்த ஒரு முனையை மட்டும் நம்பியிருக்கும் எளிய மேனுவல் ஃபிளாஷ்கள் அவற்றில் எரியவே எரியாது. உங்கள் கேமராவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஃபிலிம் காலத்துப் பழைய ஃபிளாஷ் ஒன்று வீட்டில் கிடக்கிறதென்றால் அதை மாட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். அவற்றில் சில தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கு மேல் அனுப்பக்கூடியவை, கேமராவின் மின்சுற்றே போய்விடலாம்.

மிக வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் போட விடும் அதிவேக சிங்க் என்ற வசதி இருந்தால் நல்லது, வீட்டுக்குள் அது அவ்வளவாகத் தேவைப்படாது. ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/250 நொடியைத் தாண்டினால் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்திருப்பதில்லை, அதனால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். வெயிலில் ஆளை எடுக்கும்போதுதான் அந்த எல்லை தொல்லை தரும். பேட்டரிக்கு, ஏஏ அளவில் மறுபடி சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையை வாங்குங்கள். சாதாரண ஆல்கலைனைவிட ஃபிளாஷ் வேகமாகத் தயாராகும். லித்தியம் பேட்டரியோடே வரும் ஃபிளாஷ் இன்னும் வசதி, விலைதான் கூட.

ஃபிளாஷ் வந்த அன்று கேமராவை மேனுவலில் வைத்து 1/125 நொடி, எஃப்/5.6, ஐஎஸ்ஓ 400, ஃபிளாஷ் டிடிஎல்லில் என்று தொடங்குங்கள். ஃபிளாஷ் மின்னுவது கண்ணிமைக்கும் நேரத்தில் சிறு பங்குதான் என்பதால், ஷட்டர் வேகம் அதன் வெளிச்சத்தை மாற்றாது, அறை விளக்குகளின் வெளிச்சத்தைத்தான் மாற்றும். பின்னணி குகைபோல் இருண்டிருந்தால் 1/60-க்கு இறங்குங்கள், அறை மெல்ல உயிர்பெறும்.

அப்படி அறை வெளிச்சத்தை உள்ளே விடும்போது ஒரு சிக்கல் வரும். ஃபிளாஷின் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வின், பகல் வெளிச்சம் மாதிரி. வீட்டின் மஞ்சள் விளக்கு 2700 முதல் 3000 வரை. முகத்துக்குச் சரியாக வெள்ளைச் சமன் (வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் நிறத் திருத்தம்) வைத்தால் பின்னணி ஆரஞ்சாகும், பின்னணிக்குச் சரியாக வைத்தால் முகம் நீலம் பாரிக்கும். ராவில் வெள்ளைச் சமனை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பார்கள், உண்மைதான். ஆனால் அது படம் முழுமைக்கும் ஒன்று. ஃபிளாஷ் தலைமேல் ஒளி ஊடுருவும் ஆரஞ்சு நிற ஜெல் தாள் ஒரு துண்டை ஒட்டினால் இரண்டு வெளிச்சமும் நெருங்கி வந்துவிடும். அதற்குப் பிறகு மென்பொருளில் ஒரே இழுப்பில் எல்லாம் சரியாகும்.

சரி, இனி ரா. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள், 14 பிட் ராவில் 16,384. டிடிஎல் சில சமயம் ஏமாந்து படம் ஒரு ஸ்டாப் இருண்டு போகும், ராவாக இருந்தால் அதைத் தூக்கிவிடலாம். ஆனால் நெற்றி வெந்து வெள்ளையாகிவிட்டால் அங்கே மீட்க எதுவும் மிஞ்சாது. அதனால் சந்தேகம் வந்தால் ஃபிளாஷைக் கொஞ்சம் குறைத்தே எடுங்கள்.

மென்பொருளுக்கு முதல் படி உங்கள் கேமரா நிறுவனமே தருவது. கேனனுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ் டெஸ்க்டாப். மூன்றும் இலவசம். கேமராவின் திரையில் பார்த்த நிறம் அப்படியே கணினியிலும் வருவது இவற்றின் பலம். படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்த வேண்டுமென்றால் இவை தடுமாறும்.

அந்த இடத்தில் டார்க்டேபிளுக்குப் போங்கள். இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதல் முறை திறந்தால் பலரும் திடுக்கிடுவார்கள். கேமராத் திரையில் பளிச்சென்று இருந்த படம் இங்கே சப்பென்று தெரியும். மென்பொருளில் குறை இல்லை. நீங்கள் திரையில் பார்த்தது கேமரா ஏற்கெனவே சமைத்துவைத்த ஜேபெக், இது சமைக்காத பண்டம். அதிலுள்ள கருவிகளின் எண்ணிக்கையைப் பார்த்தும் மிரள வேண்டாம். வெளிச்ச அளவு, வெள்ளைச் சமன், டோன் (இருள் வெளிச்ச வேறுபாடு), லென்ஸ் திருத்தம், குறுணை நீக்கம் என்ற ஐந்தோடு இரண்டு மாதம் ஓட்டுங்கள். குறுணை நீக்கத்தில் உங்கள் கேமரா மாடலுக்கென்றே அளந்துவைத்த விவரம் இருந்தால் அதை அதுவே எடுத்துக்கொள்ளும். ராதெரபியும் இலவசம், நுண்விவரங்களை நன்றாக எடுத்துத் தரும். பெரிய தொகுப்பை ஒழுங்குபடுத்தும் வசதி டார்க்டேபிளில்தான் அதிகம்.

சந்தா கட்டும் அடோபியின் லைட்ரூம் தேவையா? ஒரு நிகழ்ச்சிக்கு முன்னூறு நானூறு படம் எடுத்து இரண்டே நாளில் கொடுக்க வேண்டியவர்களுக்கு அதன் வேகம் பணத்துக்குத் தகும். குடும்பப் படங்களுக்குக் கட்டாயமில்லை. அதை ஒரே தடவை பணம் கட்டி வாங்கும் வழி 2015-இல் வந்த 6-ஆம் பதிப்போடு முடிந்துவிட்டது. லைட்ரூம் கிளாசிக்கில் சந்தாவை நிறுத்தினால் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம், திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். குறுணைதான் உங்கள் தீராத தலைவலி என்றால் டிஎக்ஸ்ஓ போட்டோலேபைச் சோதனைக் காலத்தில் போட்டுப் பாருங்கள். ரா கோப்பிலிருந்து நிறங்களை உருவாக்கும்போதே குறுணையையும் சேர்த்து நீக்குவதில் அது கெட்டி, சந்தாவும் இல்லாமல் வாங்கலாம்.

எதைச் சோதித்தாலும் மாதிரிப் படங்களில் சோதிக்காதீர்கள். உங்கள் படங்களிலேயே மோசமான பத்தை எடுங்கள்: ஒன்று இருண்டது, ஒன்று நெற்றி பளபளத்தது, ஒன்று மஞ்சள் விளக்கும் ஃபிளாஷும் கலந்தது. அந்தப் பத்தையும் முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துவையுங்கள். கேமரா புதிது என்றால் பழைய மென்பொருள் அதன் ரா கோப்பைத் திறக்காமல் போகலாம். அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரில் டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் பல சமயம் வேலை நடக்கும். ஒரு மென்பொருளில் செய்த திருத்தம் இன்னொன்றில் அப்படியே வராது என்பதும் நினைவிருக்கட்டும். மாறும் எண்ணம் வந்தால், நன்றாக வந்த படங்களை முதலில் முழு அளவு ஜேபெக்காக எடுத்து வைத்துவிடுங்கள்.

முதல் சில மாதங்கள் கேமராவை ரா மற்றும் ஜேபெக் இரண்டும் சேமிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் திருத்தியதையும் கேமராவே செய்துதந்த ஜேபெக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடர்ந்து உங்களுடையதே நன்றாக இருக்கிறது என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்லத் தொடங்கியதும் ஜேபெக்கை அணைத்துவிடலாம்.