ஸ்பிட்ஃபயர் டீக்கலில் வெள்ளி மினுக்கு, கண்ணாடியில் வெண்புகை: எப்படிச் சரிசெய்வது?

கேள்வி: தூத்துக்குடியில் இருக்கிறேன். 1/72 அளவில், பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 1-இன் பிளாஸ்டிக் மாடல் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். 1940-இல் பறந்த 234-ஆம் ஸ்குவாட்ரனின் (விமானப் படைப்பிரிவின்) விமானம். ஹம்ப்ரால் மேட் (மங்கலான) எனாமல் பெயின்டைத் தூரிகையால் பூசி, ஒரு வாரம் காயவிட்டேன். அதன்மேல் அந்த ஸ்குவாட்ரனின் அடையாளமான 'ஏஇசட்' எழுத்துகளை, தனியாக வாங்கிய டீக்கல் தாளிலிருந்து (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலம்) ஒட்டினேன். காய்ந்ததும் எழுத்துகளைச் சுற்றி வெள்ளித் தாள் போல மினுக்குகிறது. வட்டச் சின்னங்களை இன்னும் ஒட்டவில்லை. மேலே மேட் வார்னிஷ் அடித்தால் இந்த மினுக்கு மறைந்துவிடுமா? காக்பிட் கண்ணாடியை உடனே பிடிக்கும் சூப்பர் க்ளூவால் ஒட்டினேன். மறுநாள் உள்பக்கம் புகை படிந்ததுபோல வெளுத்துவிட்டது. எல்லாவற்றையும் உரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா? புகைக்கறை, பெயின்ட் உரிந்த தடம் எல்லாம் எவ்வளவு போடலாம்?

பதில்: உரிக்க வேண்டாம். எழுத்துகளையும் காப்பாற்றலாம், கண்ணாடியையும் காப்பாற்றலாம். ஆனால் அந்த மேட் வார்னிஷ் டப்பாவை மட்டும் இப்போது திறக்காதீர்கள். அதை அடித்தால் மினுக்கு மறையாது, நிரந்தரமாக உள்ளே அடைபட்டுவிடும். அதற்குப் பிறகு சரிசெய்வது பல மடங்கு கடினம்.

ஏன் மினுக்குகிறது என்று தெரிந்துகொண்டால் மீதி வேலை எளிது. மேட் பெயின்ட் மங்கலாகத் தெரிவதற்குக் காரணமே அதன் மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதுதான். கண்ணுக்குத் தெரியாத அந்த மேடுபள்ளத்தின் மேல் மெல்லிய டீக்கல் படலத்தைப் போட்டால், மேடுகளில் மட்டும் தொட்டுக்கொண்டு உட்காரும். ஓலைப்பாயின் மேல் கண்ணாடித் தாளை விரித்தது போல. பள்ளங்களில் காற்று தங்கிவிடும். அந்தக் காற்றில் பட்டுத் திரும்பும் ஒளிதான் உங்களுக்கு வெள்ளியாகத் தெரிகிறது. எழுத்தின் சாம்பல் மை ஒளியை மறைப்பதால் எழுத்துக்குள் தெரியவில்லை. சுற்றியுள்ள நிறமற்ற படலத்தில் பளிச்சென்று தெரிகிறது. ஆக, தவறு டீக்கலில் இல்லை, அதன் அடியில் இருக்கும் பரப்பில் இருக்கிறது.

நிஜ விமானம் மங்கலாக இருந்தாலும், மாடலை டீக்கல் ஒட்டும்வரை பளபளப்பாகவே வைத்திருக்க வேண்டும். மங்கல் கடைசியில்தான் வர வேண்டும். இந்த ஒரு வரிசையை மாற்றினால் எவ்வளவு நல்ல பெயின்டும் எவ்வளவு விலையுயர்ந்த டீக்கலும் கைகொடுக்காது.

இப்போது எழுத்துகளைக் கவனிப்போம். மைக்ரோ சால் போன்ற டீக்கல் மென்மையாக்கும் திரவம் ஒரு குப்பி வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்துகள் வேறு தாளிலிருந்து வந்தவை என்பதால், அந்தத் தாளில் உங்களுக்குத் தேவைப்படாத ஒரு டீக்கலைப் பழைய பிளாஸ்டிக் துண்டில் ஒட்டி, முதலில் அதன்மேல் திரவத்தைத் தொட்டுப் பாருங்கள். சில டீக்கல்கள் இந்தத் திரவத்தைத் தாங்காமல் கரைந்துவிடும். தாங்கினால் விமானத்துக்கு வரலாம். புது ஊசி ஒன்றால் மினுக்கும் இடம் முழுவதும் நெருக்கமாகக் குத்துங்கள். எழுத்தின் மேல் குத்த வேண்டாம், சுற்றியுள்ள படலத்தில் மட்டும். பிறகு தூரிகை நுனியால் திரவத்தை வையுங்கள். துளைகள் வழியாக அது உள்ளே ஊறிப் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், வெள்ளி மங்கிக்கொண்டே வரும். சில நிமிடங்களில் டீக்கல் சுருங்கி நெளியும். பார்த்தால் பயமாக இருக்கும். அந்த நேரத்தில் விரலால் தொட்டால் கிழிந்துபோகும். கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். காயும்போது தானாகவே இழுத்துக்கொண்டு தட்டையாகிவிடும். சில மணி நேரம் கழித்துப் பார்த்து, மிச்சம் இருக்கும் இடத்தில் மட்டும் இதையே திரும்பச் செய்யுங்கள். மூன்று நான்கு தடவை ஆகலாம்.

அப்படியும் பிடிவாதமாக ஒரு ஓரம் மினுக்கினால், அந்தப் படலத்தின் மேலேயே மண்ணிறத்தையோ பச்சையையோ நுண்ணிய தூரிகையால், எழுத்தின் விளிம்புவரை பூசிவிடுங்கள். ஸ்பிட்ஃபயரின் டார்க் எர்த், டார்க் கிரீன் இரண்டும் ஹம்ப்ராலில் 29, 30 எண்கள். உங்களிடம் அதே டப்பா இருப்பதால் நிறம் பொருந்தும். கைநடுக்கம் இல்லாத காலை நேரத்தில் செய்யுங்கள், அவ்வளவுதான்.

அடுத்து பளபளப்பு வார்னிஷ். ஏர்பிரஷ் இல்லையென்றால் கவலை வேண்டாம். வயெஹோ போன்ற நீர் கலந்த அக்ரிலிக் வார்னிஷை அகலமான மென்மையான தூரிகையால் பூசலாம். ஒரு வாரம் காய்ந்த எனாமலை அது ஒன்றும் செய்யாது. டமியாவின் பளபளப்பு வார்னிஷான எக்ஸ்-22 ஏற்கெனவே வைத்திருந்தால் அதுவும் நல்லதுதான். ஆனால் டமியா அக்ரிலிக் பெயின்ட் அடித்த மாடலில் அதைத் தூரிகையால் பூசினால் கீழே இருக்கும் நிறம் கரைந்து கூடவே வரும். உங்களுடையது எனாமல் என்பதால் தப்பித்தீர்கள். எதுவானாலும் தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சு மேல். இரண்டுக்கும் இடையில் ஒரு நாள் விடுங்கள். விமானத்தை விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தால் விளக்கு அதில் தெரிய வேண்டும். அதுதான் டீக்கலுக்குத் தயாரான பரப்பு.

வட்டச் சின்னங்களை ஒட்டும்போது குழாய்த் தண்ணீரைத் தொடாதீர்கள். உப்பு கூடிய தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விடும், அதையும் மினுக்கு என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆர்.ஓ. தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரோ வெதுவெதுப்பாக இருக்கட்டும். டீக்கலை அதில் மிதக்கவிட்டு மறந்துவிடக் கூடாது. பசை முழுக்கக் கரைந்துபோகும். இருபது முப்பது விநாடி நனைத்து எடுத்து, டிஷ்யூ பேப்பர் மேல் ஒரு நிமிடம் வையுங்கள். விரலால் லேசாகத் தள்ளினால் நகர வேண்டும். இறக்கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அதன்மேல் நகர்த்தி, இடம் சரியானதும் ஈரப் பஞ்சால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒற்றி எடுங்கள். சுற்றிலும் வழிந்த பசையைத் துடைக்க மறக்காதீர்கள், பின்னாளில் பழுப்பேறும். மறுநாள் எல்லாவற்றின் மேலும் இன்னொரு மெல்லிய பளபளப்புப் பூச்சு கொடுத்து மூடிவிடுங்கள்.

இனி கண்ணாடி. சூப்பர் க்ளூ இறுகும்போது அதிலிருந்து ஆவி கிளம்பும். மூடிய சின்ன அறைக்குள் அந்த ஆவி போக வழியில்லாமல் கண்ணாடியின் உள்பக்கத்தில் படிந்து வெண்படலமாக உறைகிறது. கடற்கரை ஊரின் ஈரக்காற்று அதைத் துரிதப்படுத்தும். பிளாஸ்டிக் கெட்டுவிடவில்லை, மேலே படிந்ததுதான்.

அவசரப்பட்டு இப்போதே பிடுங்காதீர்கள். பளபளப்பு வார்னிஷ் பூசி முடிக்கும்வரை அந்தக் கண்ணாடி காக்பிட்டுக்கு நல்ல மூடி. பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு விமானத்தைக் காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். சூப்பர் க்ளூ குளிரில் எளிதில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். எடுத்தவுடன் கண்ணாடியின் பின்விளிம்பில் மெல்லிய பிளேடை நுழைத்து, மேலே நெம்பாமல் பக்கவாட்டில் மெதுவாகத் திருகினால் பெரும்பாலும் 'டக்' என்று கழன்றுவிடும். விளிம்பில் கொஞ்சம் பெயின்ட் போனால் போகட்டும், மேட் வார்னிஷுக்கு முன்னால் தொட்டுப் பூசிக்கொள்ளலாம். மாடல் அறைச் சூட்டுக்கு வரும்வரை மறுபடி பையிலேயே இருக்கட்டும், இல்லையென்றால் முழுக்க வியர்த்துவிடும்.

கழற்றிய கண்ணாடியின் உள்பக்கத்தைப் பற்பசை தொட்ட பஞ்சுக் குச்சியால் பொறுமையாகத் தேயுங்கள். வெள்ளைப் பற்பசை போதும், ஜெல் வேண்டாம். கழுவிக் காயவைத்து, உள்பக்கத்தில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால், தேய்த்ததில் விழுந்த நுண்கீறல்கள் நிரம்பித் தெளிந்துவிடும். வாங்கியபோது இருந்ததைவிடத் தெளிவாக வந்த கண்ணாடிகளும் உண்டு.

மழைக்காலத்தில் வார்னிஷ் வேலையே வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. ஐப்பசி மழையில் ஒரு இரவு, பொறுமையில்லாமல் ஒரு விமானத்துக்கு ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தேன். விடிந்து பார்த்தால் விபூதி பூசினது போல நின்றது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. வெயில் காய்ந்த நாளில் மெல்லியதாகப் பளபளப்பு வார்னிஷ் ஒரு கை அடித்த பிறகுதான் அது தெளிந்தது. மேட் வார்னிஷுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: மங்கலாக்கும் தூள் டப்பாவின் அடியில் தங்கிவிடும். சரியாகக் கலக்காமல் அடித்தால் ஒரு பக்கம் பளபளக்கும், ஒரு பக்கம் வெளுக்கும். இரண்டு மூன்று நிமிடம் குலுக்கி, முதலில் ஸ்ப்ரூ துண்டில் (பாகங்களை வெட்டியெடுத்தபின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில்) அடித்துப் பாருங்கள்.

கறையும் தடமும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிறையப் பேர் இங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள். 1940 கோடையில் போரிட்ட பல ஸ்பிட்ஃபயர்களுக்கு ஆயுள் சில வாரங்கள்தான். பசிபிக் தீவுகளில் மாதக்கணக்காக உப்புக்காற்றில் நின்ற விமானம்போல அவற்றை உரித்துக் காட்டுவது பொருந்தாது. விமானி ஏறும் சிறு கதவு இடப்பக்கம் இருந்தது. அதனால் இடப்பக்க இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பூட்ஸ் தேய்ந்த தடம் கொஞ்சம் வரலாம், வலப்பக்கம் அதே அளவு வேண்டாம். எஞ்சின் புகைக்குழாய்களிலிருந்து பின்னோக்கி மெல்லிய கறை வரட்டும். கறுப்பைவிடக் கரும்பழுப்பு நல்லது.

துப்பாக்கிக் கறையில் ஒரு விஷயம் பாருங்கள். இறக்கையில் இருந்த எட்டு பிரவுனிங் துப்பாக்கிகளின் வாய்க்கும், குளிரும் தூசியும் போகாதபடி துணி ஒட்டியிருப்பார்கள். மாடல்களில் சிவப்புச் சதுரமாகத் தெரிவது அதுதான். முதல் குண்டு அதைக் கிழித்துக்கொண்டு போய்விடும். ஆகவே சிவப்புத் துணி முழுசாக இருந்தால் அந்த விமானம் கிளம்பிய பிறகு சுடவில்லை என்று பொருள். புதுக் கரி பூசாதீர்கள். சுட்டுவிட்டுத் திரும்பிய விமானமாகக் காட்ட விரும்பினால், துணியைக் கிழிந்ததாகக் காட்டி, இறக்கையின் அடியிலும் கரியை இழுத்துவிடுங்கள். முழுசான துணியும் புதுக் கரியும் சேர்ந்து வந்தால் கதை இடிக்கும். வயிற்றுப் பக்கத்து 'ஸ்கை' நிறம் சரியாக வரவில்லையோ என்ற கவலை இருந்தால் விட்டுவிடுங்கள். 1940 ஜூனில் அந்த நிறத்துக்கு மாறச் சொன்னபோது பெயின்ட் போதாமல், கிடைத்ததைக் கலந்து பூசியவர்கள் இருந்தார்கள்.

நீங்கள் அந்த எழுத்துகளைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 234-ஆம் ஸ்குவாட்ரனின் பெயரோடு 'மதராஸ் மாகாணம்' என்பதும் சேர்ந்திருந்தது. மதராஸிலிருந்து போன போர் நிதிக்காகக் கிடைத்த பெயர். இங்கிலாந்தின் மிடில் வாலப் விமானத் தளத்திலிருந்து அவர்கள் சண்டையிட்ட அந்த ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களைத்தான் உங்கள் அலமாரியில் வைக்கப்போகிறீர்கள். அதனால் எழுத்துகளை உரித்து எறியாமல், ஊசியும் திரவமுமாக இரண்டு மாலைகளைச் செலவிடுங்கள்.

கண்ணாடியைத் திரும்ப ஒட்டுவது எல்லாம் முடிந்து, மேட் வார்னிஷும் காய்ந்த பிறகுதான். மேட் வார்னிஷ் அடிக்கும்போது காக்பிட் வாயை ஈரமான பஞ்சால் அடைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் சட்டங்களுக்கு மட்டும் மேட் வார்னிஷைத் தூரிகையால் தனியாகத் தொட்டுவிடுங்கள். அப்புறம் ஃபெவிகாலைப் பல்குத்தும் குச்சி நுனியில் எடுத்து விளிம்பில் மெல்லிய கோடாக இழுத்து, கண்ணாடியை உட்காரவைத்து, வழிந்ததை ஈரத் தூரிகையால் துடைத்துவிடுங்கள். வெள்ளையாக இருக்கும் அது காயும்போது நிறமற்றுப் போகும், ஆவியும் விடாது. ஒரு இரவு தொடாமல் விடுங்கள்.